படைக்காரர் வெளியூர் போயிருந்த காலம்

நீலப் புடவை ஒன்று கூடத்தின் நடுவில் காய்ந்துகொண்டிருக்கிறது. அதற்குள் புகுந்து வருகிற மதிய வெயில் சுவரையும் தரையையும் நீலமாக்குகிறது. பாயில் மல்லாந்து படுத்திருக்கும் என் மகளின் முகமும் நீலம். ஈரத்துணி வாசனை. சாலையில் லாரி ஒன்று முனகிக்கொண்டே போகிறது. ரயில் வரப் போகிறது போல; ஜன்னல் கம்பி மெல்ல நடுங்குகிறது.

“அம்மா, நாம கடலுக்கு அடியில இருக்கோம்” என்கிறாள் அடைக்கலம்.

“கடலுமில்ல, ஒண்ணுமில்ல. ரோமாபுரியில இருக்கோம். பேசாம கேளுடி.”

சொல்லிவிட்டு மடியில் இருக்கும் புத்தகத்தை விட்ட இடத்திலிருந்து ராகம் போட்டுப் படிக்கிறேன்.

சரித்திரம் என்று யாராவது சொன்னால் மற்றவர்களுக்குக் கோட்டையும் குதிரையும் ஞாபகம் வரும் போலிருக்கிறது. எனக்கு அந்த நீலம்தான் வரும்.

எங்கள் வீடு அரியலூர் ரயிலடிக்குப் பின்னால் இருந்தது. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் வாசலை உரசிக்கொண்டு போகும். வேப்பமரம் வருஷம் முழுக்க சாம்பல் நிறத்தில் நிற்கும். மழை பெய்த மறுநாள் மட்டும், அட, இது பச்சை அல்லவா என்று தோன்றும். வெளியே காயப்போட்ட துணியைத் திரும்பவும் துவைக்க வேண்டும். அதனால் கொடியை வீட்டுக்குள்ளேயே, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாகக் கட்டியிருந்தோம்.

அந்தக் கொடியில்தான் என் மகள் சரித்திரம் படித்தாள்.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரில் அவளைப் பற்றி எழுதப் போகிறேன் என்று போனில் சொன்னபோது, “ஊசி போட்டப்ப அழுததை எழுதாதம்மா” என்றாள். “சரி, எழுதல” என்றேன். “இந்த மாச ஊசி போட்டாச்சா?” என்றும் கேட்டேன். “போட்டாச்சும்மா, போட்டாச்சும்மா” என்றாள். இரண்டு தடவை சொன்னால்தான் நான் நம்புவேன் என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு வாரம் வீட்டுல இரு

அடைக்கலமேரி அஞ்சாம் வகுப்பு முடிக்கிற சமயம் தொண்டை வலி என்றாள். கஷாயம் கொடுத்தேன். பிறகு காய்ச்சல் வந்தது. பிறகு முட்டி வீங்கியது. ஒரு முட்டி வடிந்தால் மறுமுட்டி வீங்கும். திருச்சிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். எடுத்தார். மறுபடி வைத்துக் கேட்டார். அந்த மறுபடியில் என் கால் இரண்டும் தரையில் இல்லை.

காய்ச்சல் இருதயத்து வால்வைத் தொட்டிருக்கிறது என்றார். மாதாமாதம் ஊசி. ஓடக் கூடாது, மாடி ஏறக் கூடாது. கொஞ்ச காலம் பள்ளிக்கூடம் வேண்டாம். கடைசியாக, மேசையைவிட்டு எழுந்துகொண்டே, “அதிர்ச்சி எதுவும் ஆகாம பாத்துக்குங்கம்மா” என்றார்.

எதை நினைத்துச் சொன்னாரோ. பஸ் குலுங்குவதை நினைத்துச் சொல்லியிருக்கலாம். நான் அதை உலகம் முழுவதற்குமாக எடுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து குக்கர் விசில் சத்தம் வராமல் சமைத்தேன். கோயிலில் துக்க மணி அடித்தால் ஓடிப்போய் மிக்சியைப் போடுவேன். தெருவில் பிரேதம் போகிற மேளம் கேட்டால் ரேடியோவைத் திருகுவேன். “அம்மா, மிக்சியில ஒண்ணுமே இல்லையே” என்பாள் அவள். “கழுவுறேன்டி” என்பேன்.

சுபாவத்திலேயே நான் பயந்தவள். எங்கள் வீட்டுக்காரர் சிமெண்ட் ஆலையில் லோடிங் பிரிவில் இருந்தார். ஷிப்ட் முடிந்து அவருடைய சைக்கிள் மணி கேட்கும்வரை சோறு இறங்காது. இதை எழுதும்போதுகூட நடுவில் எழுந்துபோய் அடுப்பை அணைத்தேனா என்று பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். அணைத்திருந்தேன்.

பள்ளிக்கூடம் வேண்டாம் என்று டாக்டர் சொன்னது, ஓடக் கூடாது என்றதைவிட என்னைப் பயமுறுத்தியது. அதற்குக் காரணம் உண்டு. நான் ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது தம்பிக்கு அம்மை போட்டது. “ஒரு வாரம் வீட்டுல இரு” என்றார் அப்பா. அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை.

வீட்டில் உட்கார்ந்த பெண் பிள்ளை எழுந்து போகாது. இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல.

கொடியில் தொங்கிய காலம்

கணக்கும் அறிவியலும் வீட்டுக்காரர் பொறுப்பு. சிமெண்ட் மூட்டையை வைத்தே பின்னம் சொல்லிக்கொடுப்பார். தமிழை அவளே படித்துக்கொண்டாள். மிஞ்சிய சரித்திரம் என் தலையில் விழுந்தது.

பாடப் புத்தகத்தை விரித்தால் இரண்டு பேருமே தூங்கிவிடுவோம். யார் யாரையோ வென்றார், சாலை போட்டார், குளம் வெட்டினார், மரம் நட்டார். ஒருவராவது சாப்பிட்டார் என்றோ, தும்மினார் என்றோ இல்லை.

ஒருநாள் அலுத்துப்போய் பெட்டியிலிருந்து அம்மானைப் புத்தகத்தை எடுத்தேன். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் அம்மானை என்றால் தெரியும். புனிதர் ஒருவருடைய கதையை நெடும்பாட்டாகக் கட்டியிருப்பார்கள். தவக்காலத்தில் ஒருவர் ராகத்தோடு படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். எங்களுடையது அட்டை போன புத்தகம். யார் கட்டியது என்று தெரியாது. ரோமாபுரி ராஜாவின் சேனையில் இருந்துகொண்டே, அந்த ராஜாவின் சிலையைக் கும்பிட மாட்டேன் என்று நின்ற ஒரு வீரரின் கதை. எங்கள் வீட்டார் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். படைக்காரர் என்றுதான் சொல்வார்கள், அடுத்த தெருவில் இருக்கிறவரைச் சொல்வதுபோல.

அந்த அம்மானையில் வருகிற ரோமாபுரிக்கு வெளியே முந்திரிக்காடு இருந்தது, ஆண்டிமடம் போகிற வழியில் இருப்பதைப் போல. ஆற்றங்கரையில் வெற்றிலைக் கொடிக்கால். அரண்மனை வாசலில் வாழைமரம். ராஜா ஊஞ்சலில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார். ராணிக்கு வளைகாப்பு நடக்கும். எனக்குத் தெரிந்த ரோமாபுரியும் அவ்வளவுதான். கொள்ளிடத்தைத் தாண்டி, தஞ்சாவூரையும் தாண்டி, இன்னும் கொஞ்சம் போனால் வந்துவிடும் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

அடைக்கலம் தூங்கவில்லை. “ராசா போட்டது கும்பகோணம் வெத்தலையா, நாட்டு வெத்தலையா?” என்றாள்.

அதிலிருந்து எல்லாவற்றுக்கும் கதையாகத் தேடினேன். கோயிலில் கொடுக்கும் மாதப் பத்திரிகையில் வந்த தொடர்கதைகள், குருமார்கள் கப்பலேறி வந்த கதை, பஞ்ச காலத்தில் கஞ்சித்தொட்டி வைத்த கதை, வேதத்தில் வரும் ராஜாக்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் படம் வரைந்து, துணி கிளிப் போட்டு கொடியில் மாட்டினாள். கொடிக்கு நடுவில் குருத்தோலை ஞாயிறன்று கொண்டுவந்த ஓலைச் சிலுவை. அதற்கு இடது பக்கம் கி.மு., வலது பக்கம் கி.பி. இடது கோடியில், ஆணிக்குப் பக்கத்தில், கல்லாகிப்போன ஒரு சங்கு நூலில் கட்டித் தொங்கும். சுண்ணாம்புக்கல்லோடு வந்ததை அவர் எடுத்து வந்திருந்தார். நம்ம ஊர் கடலாக இருந்த காலமாம் அது. எங்கள் சரித்திரம் அந்தச் சங்கில் ஆரம்பித்தது.

“கி.மு.வுல மட்டும் ஏம்மா வருஷம் குறைஞ்சுக்கிட்டே வருது? முந்நூறு, இருநூறு, நூறுன்னு?”

அது எனக்கும் தெரியாது. அவள் பிறந்ததற்கு முந்தைய மாதங்களை நினைத்துக்கொண்டு சொன்னேன்: “யாரோ வரப் போறாங்கன்னா நாளைக் குறைச்சுக்கிட்டேதான எண்ணுவோம்? இன்னும் மூணு மாசம், இன்னும் ரெண்டு மாசம்னு.”

“அவங்களுக்குத் தெரியுமா, இயேசு வரப் போறாருன்னு?”

“அவங்களுக்குத் தெரியாது. காலத்துக்குத் தெரியும்.”

அவள் வெகுநேரம் ஓலைச் சிலுவையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னது சரியா, பங்குச் சாமியார் கேட்டால் திட்டுவாரா என்று அன்றைக்கு முழுக்கக் கவலையாக இருந்தது.

இன்னொரு நாள், “ராஜ்யம் ரெண்டாப் பிரிஞ்சுதுன்னா எப்படி? நடுவுல கோடு போடுவாங்களா?” என்றாள். அது சுலபமாக இருந்தது. அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊரைப் பெரம்பலூரிலிருந்து பிரித்துத் தனி மாவட்டம் என்றார்கள். கொஞ்ச காலத்தில் வேண்டாம் என்று திரும்பச் சேர்த்தார்கள். “நம்ம மாவட்டம் மாதிரிடி. போர்டை மாத்துவாங்க. பஸ் அதே பஸ்தான்.”

“ராஜா மாறிக்கிட்டே இருந்தா எது மாறாம இருக்கும்?”

நான் கொடியைக் காட்டினேன். “இந்தப் பக்கத்து ஆணிய யாரு அடிச்சது?”

“அப்பா.”

“அந்தப் பக்கத்து ஆணிய?”

“அப்பாதான்.”

“அவ்வளவுதான்டி சரித்திரம்” என்றேன். அவள் சிரித்தாள். எனக்குத்தான் உடம்பு சிலிர்த்தது.

மூடக் கூடாத இடம்

இந்த இடத்தில் பழைய கதை ஒன்று சொல்ல வேண்டும்.

என் புகுந்த வீடு ஏலாக்குறிச்சிக்குப் பக்கம். கல்யாணமாகி வந்த முதல் தவக்காலத்தில், குரல் நன்றாக இருக்கிறது என்று என்னையே படிக்கச் சொன்னார்கள். தெருவே கூடியிருந்தது. படைக்காரரை வெட்டப் போகிற இடம். சேவகன் வாளை ஓங்குகிறான். கரண்ட் போய்விட்டது.

புதுப்பெண் நான். இருட்டில் புத்தகத்தை மூடப் போனேன். எங்கிருந்தோ என் மாமனார் குரல்: “ஏம்மா, மூடாத! மூடாத!”

தெரு முழுக்க அதையே சொன்னது. எழுந்தவர்கள் எழுந்தபடி, குனிந்தவர்கள் குனிந்தபடி நின்றார்கள். வெட்டுப்பட்ட இடத்தில் புத்தகத்தை மூடக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். அதற்கடுத்த பக்கத்தில் வானம் திறந்து அவருக்கு முடி சூட்டுகிறவரை படித்துவிட வேண்டும். அதுவரை யாரும் உட்காரவும் மாட்டார்கள், வீட்டுக்குப் போகவும் மாட்டார்கள். நடுவில் மூடினால் அவர் வெட்டுப்பட்டபடியே கிடப்பார் என்பார்கள்.

விளக்கு கொண்டுவரும்வரை கை விரலைப் பக்கத்துக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவர் மட்டும், “சீக்கிரம் வாங்கப்பா, கால் மரத்துப்போச்சு” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

இவ்வளவும் தெரிந்தவள்தான் நான். ஆனால் அடைக்கலத்துக்குப் படிக்கும்போது அந்தப் பக்கம் வந்ததும் டாக்டர் மேசையைவிட்டு எழுந்துகொள்வது கண்ணில் தெரிந்தது. வாள், ரத்தம், தலை. இதைக் கேட்டால் அந்த இருதயம் என்ன ஆகும்?

“அப்புறம்?” என்றாள்.

“அப்புறம்... படைக்காரர் வெளியூர் போயிட்டாரு.”

அன்று அவள் தூங்கிய பிறகு வெட்டுப்படுகிற பக்கங்களைச் சேர்த்து, வெளி ஓரத்தில் வெள்ளை நூலால் தைத்துவிட்டேன். முடி சூட்டுகிற பக்கமும் அதே தையலுக்குள் போனதைப் பற்றி அப்போது நினைக்கவில்லை.

லீவு எப்ப?

ஒருவரை அனுப்பியாயிற்று, மற்றவர்களை எப்படி வைத்துக்கொள்வது? ரோமாபுரி ராஜாவும் வெளியூர் போனார். கப்பலில் வந்த குருமார்கள் திரும்பக் கப்பலேறினார்கள். பஞ்சத்தில் கஞ்சி குடித்தவர்கள் எல்லாரும் பிழைத்தார்கள். எங்கள் கொடியில் யாருமே சாகவில்லை.

மதியத்தில் கதை கேட்கப் பக்கத்து வீட்டு ஜமீலா அக்காவும் வருவார். லப்பைக்குடிக்காட்டுக்காரர். கணவர் சவுதியில். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பார்.

“ஏன் லூர்து, இந்த ராசா எங்க போனாரு?”

“வெளியூருக்கா.”

“போன வாரத்து ராசாவும் வெளியூருதான்?”

“ஆமா.”

“எல்லாரும் சவுதிக்கா போறாங்க? லீவு எப்பவாம்?”

அடைக்கலம் பாயில் உருண்டு உருண்டு சிரித்தாள். அப்படிச் சிரிக்கலாமா, மூச்சு வாங்குமா என்று நான் அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் தண்ணீர் குடிக்கப் போனபோது ஜமீலா அக்கா குரலைத் தாழ்த்தினார். “புள்ளைக்கு எல்லா மவுத்தையும் மறைச்சுட்டியே லூர்து. நாளைக்குப் பரீட்சையில கேட்டா என்ன சொல்லும்?”

“அப்ப பாத்துக்கலாங்கா. இப்ப அவ மூச்சு விட்டுக்கிட்டு இருக்கா. அது போதும்.”

அக்கா வெங்காயத் தோலை முந்தானையில் கூட்டிக்கொண்டு எழுந்தார்.

மாடி இல்லாத பள்ளிக்கூடம்

அப்படியே இரண்டு கோடை போயிற்று. திருச்சி டாக்டர், “இனி போகலாம், ஓடாம இருந்தா சரி” என்றார்.

பெரம்பலூர் ரோட்டில் கன்னியர் நடத்திய ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. மாடியே கிடையாது, ஓட்டுக் கட்டடம். தலைமைச் சிஸ்டர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். நேரில் கேள்வி கேட்போம், தேறினால் ஏழாம் வகுப்பு, இல்லையென்றால் அஞ்சிலிருந்துதான் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அடைக்கலம் சொல்லிவிட்டாள்: “அஞ்சாங்கிளாஸ்னா நான் போவ மாட்டேன். எங்கூடப் படிச்சவளுங்க எல்லாம் ஏழு. நான் மட்டும் சின்னப் புள்ளைங்களோட உக்காரணுமா? வூட்டுலயே இருந்துக்குறேன்.”

வீட்டிலேயே இருந்துகொள்கிறேன். அந்த வார்த்தையை என் வாயால் நானே சொன்னதுபோல் இருந்தது. அன்றிலிருந்து ஜெபமாலை உருட்டும்போதெல்லாம் ஏழு, ஏழு என்றுதான் மனசு ஓடியது.

கேள்வி கேட்கிற நாள் வந்தது. ஆபீஸ் அறையில் ஒரு நீள மேசை. அந்தப் பக்கம் தலைமைச் சிஸ்டர். பக்கத்தில் சரித்திர சார், வெள்ளை வேட்டி, மேசை மேல் குடை. இந்தப் பக்கம் நாற்காலியில் அடைக்கலம், இரட்டைப் பின்னல். பின்னால் பெஞ்சில் நான்.

கணக்கு தேறியது. தமிழ் தேறியது. சார் சரித்திரத்துக்கு வந்தார்.

“கி.மு. முந்நூறு, கி.மு. இருநூறு. எதும்மா முன்னாடி?”

“முந்நூறுங்க சார்.”

“எப்படிச் சொல்ற?”

“வரப் போறவங்களுக்காக நாளைக் குறைச்சுக்கிட்டே எண்ணுறதுங்க சார்.”

சார் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் புன்னகைத்தார். என் முதுகு லேசாக நிமிர்ந்தது.

“ரோமாபுரியப் பத்தித் தெரியுமா?”

தெரியுமாவா! ஆரம்பித்துவிட்டாள். படைக்காரர், கொடிக்கால், முந்திரிக்காடு, ஊஞ்சல், வளைகாப்பு. வாழைமரத்துக்கு வந்தபோது சார் வாய்விட்டுச் சிரித்தார். “ரோமாபுரியில வாழமரமா? யாரும்மா கட்டினா?” சிஸ்டரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். என் முதுகு வளைந்தது.

“சரி, அதை விடு. கதை எங்கேயிருந்து வந்ததுன்னு புரியுது. அந்தப் படைக்காரர் கடைசியில என்ன ஆனாரு?”

அடைக்கலம் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள்.

“வெளியூர் போயிட்டாருங்க சார்.”

“எந்த ஊருக்கு?”

“தெரியலங்க சார்.”

“ராஜா?”

“அவரும்... வெளியூருக்குத்தாங்க சார்.”

சார் பேனாவைக் கீழே வைத்தார். கோபமில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். “எல்லாரும் வெளியூர் போயிட்டா சரித்திரம் எப்படிம்மா நடக்கும்? முடிவு தெரிய வேணாமா?” சிஸ்டர் பக்கம் சாய்ந்தார். “சூட்டிகையான புள்ளதான் சிஸ்டர். ஆனா அடியிலேர்ந்து வரட்டும். அஞ்சு போடலாம்.”

நான்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்தேன் என்று எழுந்து சொல்ல வேண்டும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்பா முன்னால் அன்றைக்கு ஒட்டிக்கொண்டதே, அதே மாதிரி.

“அம்மா” என்றாள் அடைக்கலம். “தாகமா இருக்கும்மா. தண்ணி வேணும்.”

அவள் தாகம் என்றால் நான் ஓடுவேன். ஓடினேன். தாழ்வாரத்துக் கோடியில் மண்பானை. டம்ளரில் மோந்துகொண்டு திரும்பும்போது, ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே கால் நின்றுவிட்டது.

உள்ளே ராகம் கேட்டது. என் ராகம். எங்கே மூச்சு வாங்குவேனோ அங்கே மூச்சு வாங்கி.

*வாளெழுந்த வேளையிலே வானத்துப் புள்ளெல்லாம்*
*நாளிருந்தும் கூடடையும், கொடிக்காலில் காற்றுமில்லை...*

நான் தைத்து வைத்த பக்கம். ஒரு சொல் விடாமல் பாடினாள். வாள் இறங்கியது. தலை மண்ணில் விழுந்தது. தண்ணீர் என் கையில் வழிந்தது. அவள் நிறுத்தவில்லை, அடுத்த பக்கத்துக்குப் போய், வானம் திறந்து, முடி இறங்கி, அவர் தலையில் அமர்ந்த பிறகுதான் நிறுத்தினாள்.

பிறகு சார் தொண்டையைச் செருமினார். “இது தெரிஞ்சுமா வெளியூர்னு சொன்ன?”

“அம்மா இருந்தாங்க சார்.”

“இருந்தா?”

“அவங்களுக்கு இதெல்லாம் தாங்காது. அதிர்ச்சி ஆகக் கூடாது.” கொஞ்சம் பொறுத்து, “ராஜாவும் செத்துட்டாருங்க சார். எல்லாரும் செத்துட்டாங்க. எனக்குத் தெரியும். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க சிஸ்டர்” என்றாள்.

தாழ்வாரத்தில் அப்படியே நின்றேன். எங்கோ ஒரு வகுப்பில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, எதுவும் கேட்காதவள்போல் உள்ளே போய் டம்ளரை நீட்டினேன். பாதித் தண்ணீர்கூட இல்லை. அவளும் தாகம் தீர்ந்தவள்போல் குடித்தாள்.

“ஏழுலயே உக்காரட்டும் சிஸ்டர்” என்றார் சார், குடையை எடுத்துக்கொண்டே. என் பக்கம் திரும்பினார். “வாழமரத்த மட்டும் நான் பாத்துக்குறேம்மா.”

நூல்

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, சாம்பல் பூத்த மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நடுவில் ஒருமுறை மட்டும், “ஏழு” என்றாள், தனக்குத்தானே.

வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். தையல் அப்படியே இருந்தது. ஒரு இழை நகரவில்லை. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தேன். அடைக்கலம் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“எப்படிடி படிச்ச?”

உனக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. புத்தகத்தை வாங்கி, தைத்த ஓரத்தை உள்பக்கமாக அமுக்கினாள். பக்கங்கள் புடைத்து, மேலே ஒரு சின்ன வாய் திறந்தது, மலராத பூவுக்குள் பார்ப்பதைப் போல.

“இப்படி. ஒரு கண்ண மூடிக்கணும். நீ கடைக்குப் போறப்பல்லாம் பாப்பேன். உன் புடவை காயுற அன்னிக்குன்னா உள்ள நீலமா இருக்கும். எழுத்து நல்லாத் தெரியும்.”

“பயமா இல்லையா?”

“மொதல்ல இருந்துச்சு.” யோசித்தாள். “அப்புறம் அடுத்த பக்கம் வந்துருச்சு.”

ஜமீலா அக்கா வாசலில் எட்டிப் பார்த்தார். “ஏழா, அஞ்சா?” என்றார். “ஏழு பெரியம்மா” என்றாள் இவள். அக்கா மேலே கையைத் தூக்கி ஏதோ முணுமுணுத்துவிட்டு உள்ளே வந்தார். அப்போதுதான் கத்தரிக்கோலைப் பார்த்தார். “என்ன, உங்காளு லீவுல வர்றாரா?”

“இன்னிக்குத்தான் பெரியம்மா வர்றாரு.”

நூலை வெட்டினேன். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன; ஊதிப் பிரித்தேன். படிக்க ஆரம்பித்தேன். தலைக்கு மேலே கொடியில் ராஜாக்களும் கப்பல்களும் காற்றில் மெல்ல ஆடினார்கள். கொடிக்கால் வந்தது. பறவைகள் கூட்டுக்குப் போயின. வாள் எழுந்தது. வாள் இறங்கியது.

அதற்குமேல் குரல் வரவில்லை. திருச்சி, குழல், அந்த மறுபடி, மிக்சி, துக்க மணி, எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. இவளை வைத்துக்கொண்டு நான் பயந்த பயமெல்லாம் இந்த ஒரு வரியில்தான் இருந்தது போலிருக்கிறது. எழுத்து கலங்கிப்போய் ஒன்றும் தெரியவில்லை. புத்தகத்தை மூடப் போனேன்.

மூடுகிற பக்கத்துக்கு நடுவில் ஒரு சின்னக் கை வந்து விழுந்தது.

“அங்க மூடக் கூடாதும்மா” என்றாள்.

ஜமீலா அக்கா வாசற்படியருகே நின்றவர் நின்றபடி இருந்தார், ஏலாக்குறிச்சிப் பக்கத்து வழக்கம் தெரிந்தவரைப் போல. அந்தக் கை பக்கத்தைவிட்டு நகரவில்லை. அதன் விரலுக்குக் கீழே அடுத்த வரி இருந்தது.

படித்தேன்.